நீல முட்டைக்கு ஒரு வெள்ளைக் கோழி

கோழி வளர்க்கலாமா என்று அவள் கேட்டதும், அவர் கையிலிருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். டீயில் பாதிகூடக் குடித்திருக்கவில்லை. பின்னாலேயே போய்ச் சமாதானம் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு, வேண்டாம், சொன்னது காதில் விழுந்துவிட்டது, உள்ளே கிடந்து ஊறட்டும் என்று விட்டுவிட்டுத் தையல் மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

கோழி என்ற சொல்லே அந்த வீட்டில் புழங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் வேறு பேச்சே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு பெரிய முட்டைக்கோழிப் பண்ணையில்தான் வேலை பார்த்தார். தீவனம் கலக்குகிற ஆளாகச் சேர்ந்து, சூப்பர்வைசராகி, நீள நீளமான இரண்டு ஷெட்டுகளுக்குப் பொறுப்பாளர் ஆனார். கூண்டு கூண்டாக வெள்ளைக் கோழி, அடுக்கடுக்காக வெள்ளை முட்டை. எந்தக் கூண்டில் எந்தக் கோழி இன்றைக்குத் தீவனத்தில் சுணங்கியது என்பதுவரை சாப்பிடும்போது சொல்லுவார். "எனக்குக் காய்ச்சல் வந்தா அப்பாவுக்குத் தெரியாது, கோழி தும்மினா தெரிஞ்சிடும்" என்று மகள் கேலி செய்வாள். அவள் கல்யாணமாகி வெளியூர் போனபிறகும் போனில் அதே கேலிதான்.

பக்கத்துப் பண்ணை ஒன்றில் பறவைக் காய்ச்சல் வந்தது. சுற்றுவட்டாரத்தில் ஒரு கோழிகூட மிஞ்சக் கூடாது, எல்லாவற்றையும் கொன்று ஒரே குழியில் புதைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அவருடைய ஷெட்டுகளில் எதற்கும் நோய் இல்லை. முதலில் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டாராம். அதற்கெல்லாம் நேரமில்லை என்றார்களாம். பிளாஸ்டிக் உடுப்பு போட்டுக்கொண்டு வெளியாட்கள் உள்ளே நுழைந்தால் கோழிகள் மிரண்டு இறக்கையடிக்கும் என்பதால், இவரை முன்னால் விட்டிருக்கிறார்கள். இவர் வழக்கம்போலத் தீவன வாளியைத் தட்டியிருக்கிறார். அத்தனை கோழியும் வழக்கம்போலக் கழுத்தை வெளியே நீட்டியிருக்கின்றன.

இதை அவர் சொல்லவில்லை. தீவன லாரி ஓட்டுகிறவர், இவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார். "அவர ஒண்ணும் கேக்காதீங்கம்மா. தானா சொன்னா கேட்டுக்கங்க. அவ்வளவுதான்" என்றார்.

அவர் தானாகச் சொல்லவே இல்லை. பண்ணை மூடியபிறகு ஒரு சிமென்ட் குடோனில் மூட்டைகளுக்குக் காவலாக இருக்கிற வேலை கிடைத்தது. காலையில் போவார், சாயங்காலம் வருவார், போட்டதைச் சாப்பிடுவார். முட்டை மட்டும் ஆகவில்லை. அவள் ஒருமுறை தெரியாத்தனமாக அவித்து உரித்து வைத்தபோது, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். கடைத்தெருவில் முட்டை அட்டைகள் அடுக்கியிருக்கிற கடை வந்தால் எதிர்ப்பக்கம் போய் நடப்பார். கோபம் என்றாலாவது பேசித் தீர்க்கலாம். இவரோ யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல், வீட்டுக்குள்ளேயே ஒரு விருந்தாளி மாதிரி இருந்தார்.

அந்த நிலைமையில்தான் நர்ஸம்மா வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. எல்லாரும் கூப்பிடுவது மாதிரி இவளும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவாள். சீருடையைப் பிடித்துத் தைக்கக் கொண்டுவந்தவள், திரும்ப வாங்கிப் போகும்போது ஒரு டிபன் பாக்ஸை நீட்டினாள். "எங்க வீட்டுக் கோழி முட்டை. கலர் கலரா போடுது, பாருங்க" என்றாள்.

வேண்டாம் என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். வாங்கி, வெட்டின துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். அன்று பார்த்து அவர் கத்தரிக்கோலைத் தேடி அந்தத் துணிக்குவியலைக் கலைத்தார். பாக்ஸ் கையில் தட்டுப்பட்டது. திறந்தார்.

ஏதாவது சொல்லிச் சமாளிக்க அவள் வாயைத் திறந்தபோது, அவர் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனார். வெளிறிய நீலம். துவைத்துத் துவைத்துச் சாயம் மங்கின சட்டையின் நிறம். அதை வெளிச்சத்தில் பிடித்து, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பண்ணையில் முட்டை பார்க்கிற விதம் அது. பிறகு திரும்ப பாக்ஸில் அதே இடத்தில் வைத்து மூடினார்.

"யாரு குடுத்தது?"

"நர்ஸம்மா."

"நல்ல ஓடு" என்றார். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த இரண்டு வார்த்தையை அவள் பிடித்துக்கொண்டாள். வெள்ளை முட்டையைத்தான் இந்த மனுஷனால் பார்க்க முடியவில்லை, மற்ற முட்டையைப் பார்க்க முடிகிறது என்று அவளுக்குத் தோன்றியது. வெள்ளை இல்லாத முட்டை, வெள்ளை இல்லாத கோழி, நாலே நாலு. பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே இடம் இருக்கிறது. இப்படியெல்லாம் மனதுக்குள் கணக்குப் போட்டுத்தான் அன்று டீ குடிக்கும் நேரத்தில் கேட்டாள்.

அவரோ எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். சரி, நாமாகவே போய்ப் பார்ப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாள். செருப்பை மாட்டும்போது பின்னால் குரல் கேட்டது.

"நீ தனியா போனா, அவங்க தலையில கட்டறத வாங்கிட்டு வருவே."

"அப்ப நீங்களும் வாங்க."

"வாசல் வரைக்கும் வர்றேன்."

நர்ஸம்மா வீட்டுக்குப் பின்னால் வேலி போட்ட ஒரு சின்ன இடம். அதற்குள் எல்லா நிறத்திலும் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவர் சொன்னபடியே வேலிக்கு வெளியே நின்றுவிட்டார். நின்றதோடு விடவில்லை.

"கால் நனைக்க மருந்துத் தண்ணி வெக்கலியா நீங்க?"

"வீட்டுல வளக்கறது தானேங்க."

"ஆஸ்பத்திரில கை கழுவாம உள்ள விடுவீங்களா?"

நர்ஸம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்துவிட்டாள். "சரிதாங்க, நாளைக்கே வெக்கறேன்" என்றாள். அதன்பிறகு அவள் ஒவ்வொரு கோழியாகப் பிடித்துவந்து வேலிக்கு மேலே காட்ட, இவர் வெளியே நின்றபடியே பார்த்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை உள்ளே வராமல் தெருவில் நின்று பார்க்கிற மாதிரி இருந்தது இவளுக்கு.

"இது மாரன்ஸ். கால்ல ரோமம் இருக்கு பாருங்க. முட்டை நல்ல கரும்பழுப்பு, சாக்லேட் மாதிரி" என்றாள் நர்ஸம்மா. "இது வெல்சம்மர். செங்கல் கலர்ல போடும், மேல புள்ளி புள்ளியா இருக்கும். அந்தப் பக்கம் நிக்குதே, அது கலப்பு. நீல முட்டைக் கோழியையும் மாரன்ஸையும் சேத்து எடுத்தது. பச்சையா போடணும். இன்னும் போட ஆரம்பிக்கல."

"போடணும்னா? போடாமலும் போகலாமா?" என்று கேட்டாள் அவள்.

"கலப்புன்னா அப்படித்தான். நீலமா வரலாம், பழுப்பா வரலாம். முதல் முட்டையப் பாத்தாத்தான் தெரியும்."

"காது மடல் செவப்பா இருந்தா பழுப்புன்னு சொல்லுவாங்களே" என்றார் அவர் வெளியிலிருந்து.

"அது பாதிக்குப் பாதிதான் சரியா வரும். நீலத்துக்கு அது எடுபடாது."

அவர் தலையசைத்தார். ஒவ்வொன்றையும் வாங்கி, மார்பெலும்பைத் தடவி, கண்ணைப் பார்த்து, பாதத்தைத் திருப்பிப் பார்த்து, வால் பக்கம் ஊதிப் பார்த்தார். அந்த விரல்களுக்கு எதுவும் மறந்திருக்கவில்லை. கரும்பழுப்புக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று என்று எடுத்து வைத்தார்கள். கடைசியில் நீலம். அமெரக்கானா என்ற அந்த வகையில் இரண்டு பெட்டைகள் இருந்தன. கன்னத்தில் தாடி வைத்த மாதிரி ரோமம். ஒன்று சாம்பல் நிறம். மற்றது தூய வெள்ளை.

"சாம்பலையே எடுத்துக்கலாம்" என்று அவள் அவசரமாகச் சொன்னாள்.

அவர் சாம்பலை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். வெள்ளைக்குக் கையை நீட்டினார். அவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"இதுதான் நல்லா இருக்கு."

"வெள்ளையா இருக்கேங்க."

"வெள்ளையா பொறந்தா அது என்ன பண்ணும்?" என்றார்.

கூடு கட்டும் வேலை முழுவதையும் அவரே எடுத்துக்கொண்டார். குடோனில் கழித்துப் போட்ட பலகைகளைக் கேட்டு வாங்கிவந்து, விடுமுறை நாட்களில் அறைந்தார். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "கோழிக்கா இது? எனக்கே ஒரு ரூம் வாடகைக்குக் குடுப்பீங்க போல" என்றான். அதற்கு அவர் சிரிக்கவில்லை. ஆனால், "உள்ள வந்தா முட்டை போடணும்" என்று பதில் சொன்னார். சமையலறையிலிருந்து அதைக் கேட்டவள் கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

கால்ரோமக்கார மாரன்ஸ் முதலில் முட்டையிட்டது. அவள் கையில் எடுத்துப் பார்த்து, அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தாள். துணி பழுப்பாகிவிட்டது. முட்டையில் வெளிறிய தீற்று விழுந்துவிட்டது. ஐயோ என்று அவரிடம் கொண்டு ஓடினாள்.

"பழுப்பு கடைசியில பூசறதுதான்" என்றார் அவர். "வெளிய வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி மேலாக்கப் பூசிடும். நீலம் அப்படி இல்ல. ஓடு முழுக்க ஊறிப் போயிருக்கும். உள்பக்கமும் நீலமாத்தான் இருக்கும்."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டு வெகுநாளாகியிருந்தது. அடுத்து செங்கல் நிறம் வந்தது. கலப்புக் கோழி பச்சையில்தான் போட்டது, ஆனால் யாரும் எதிர்பாராத மங்கிய பச்சை. அவர் எதையும் சாப்பிடவில்லை. ஆனால் வேலையிலிருந்து வந்ததும் கை கழுவிவிட்டு நேராகப் பின்கட்டுக்குப் போனார். வெள்ளைக் கோழி மட்டும் இன்னும் போடவில்லை. அது அவர் காலைச் சுற்றிச் சுற்றி வரும். அவர் அதைத் தொடவும் மாட்டார், விரட்டவும் மாட்டார்.

ஒரு காலை, தண்ணீர் வைக்கப் போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"நீ பின்பக்கம் போகாதே. கைய சோப்பு போட்டுக் கழுவு. துணியெல்லாம் மாத்து."

"என்னாச்சுங்க?"

"வெள்ளை சுருண்டு நிக்குது. தீவனம் எடுக்கல. வால் தொங்கிடுச்சு." அவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். "வந்துடுச்சு. இங்கயும் வந்துடுச்சு."

"ஒரு கோழிக்கு உடம்பு சரியில்லன்னா..."

"ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் வந்த மாதிரிதான். நாலையும் முடிச்சிடணும். இப்பவே. அக்கம்பக்கம் பரவறதுக்கு முன்னாடி." சொல்லிக்கொண்டே அவர் மூலையில் கிடந்த சாக்கை எடுத்து உதறினார்.

அவள் கணவரை எதிர்த்து நின்று பழக்கமில்லாதவள் என்று சொல்ல முடியாது. சின்னச் சின்ன விஷயங்களுக்கு நன்றாகவே நிற்பாள். ஆனால் அன்று நின்றது வேறு மாதிரி. பின்கட்டுக் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"முதல்ல பாருங்க."

"தள்ளு."

"கையில எடுத்துப் பாருங்க. பாத்துட்டு என்ன செய்யணும்னு சொல்லுங்க, நானே சாக்கப் பிடிக்கறேன். பாக்காம வேணாம்."

"பாக்க விடலியே!" என்று அவர் கத்தினார். "பாக்க விடலியே அன்னைக்கு!"

தெருவுக்கே கேட்டிருக்கும். எலக்ட்ரீஷியன் வீட்டில் ரேடியோவை யாரோ குறைத்தார்கள். அவர் சாக்கை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவளும் கதவை விட்டு நகராமல் சரிந்து எதிரே உட்கார்ந்தாள்.

"இங்க யாரு உங்களத் தடுக்கறா?" என்றாள், குரலைத் தாழ்த்தி. "நானா?"

அவர் எழுந்தார். சாக்கு கீழே விழுந்தது.

வெள்ளைக் கோழி கூட்டின் மூலையில் குறுகி விறைத்து நின்றது. மூச்சு விடும்போதெல்லாம் வால் ஏறி இறங்கியது. அவர் தூக்கி மடியில் வைத்து, அடிவயிற்றை விரலால் மெல்ல அழுத்தினார். இன்னொரு தரம் அழுத்தினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"முட்டை அடைச்சுக்கிச்சு" என்றார். "நோய் இல்ல. முதல் முட்டை. பெரிசா இருக்கு, வழியில நின்னுடுச்சு. சுடுதண்ணி போடு. கை பொறுக்கற சூடு. அகலமான பாத்திரம் வேணும்."

அவள் துணி ஊறவைக்கிற தொட்டியைக் கொண்டுவந்தாள். அவர் அன்று வேலைக்குப் போகவில்லை. சமையலறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கோழியின் பின்பாகம் நீரில் முங்கும்படி இரு கைகளாலும் தாங்கிக்கொண்டிருந்தார். நீர் ஆற ஆற அவள் சூடாக ஊற்றினாள். எண்ணெயை விரலில் தொட்டு அவர் பதமாகத் தடவிக் கொடுத்தார். "அவசரமில்ல. அவசரமே இல்ல" என்று கோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வாடிக்கைக்காரி ஒருத்தி ரவிக்கை வாங்க வந்து, அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று சத்தமில்லாமல் போய்விட்டாள்.

மத்தியானம் சாய்ந்தபிறகு முட்டை வந்தது. சாதாரண முட்டையைவிடப் பெரிது. நீலம், மேலே ரத்தக் கோடு. கூடவே உள்சதையும் கொஞ்சம் வெளியே வந்துவிட்டது. அவர் அதைக் கழுவி, எண்ணெய் தடவி, உள்ளே தள்ளினார். மறுபடி வந்தது. மறுபடி தள்ளினார். டியூட்டி முடிந்து நர்ஸம்மா வந்து பார்த்தாள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பழகின குரலில்தான் கேட்டாள்.

"இனிமே?"

"தெரியும்" என்றார் அவர்.

கோழி அவர் மடியில், பழைய துண்டுக்குள், பொழுது சாயும்போது அடங்கியது. கழுத்தை நீட்டவோ உதறவோ இல்லை. அவர் முழங்கையில் தலையைச் சாய்த்தபடி போயிற்று.

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சுவரோரம் தோண்டத் தொடங்கினார். தோண்டினார், தோண்டினார், முழங்கால் மறையும் வரை தோண்டினார். மண் மேலே குவிந்துகொண்டே போயிற்று.

"ஒரு கோழிதானேங்க" என்றாள் அவள் மெதுவாக. "இவ்வளவு குழி எதுக்கு?"

அவர் நிறுத்தினார். குழியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஒண்ணுதான்" என்றார். "ஆமா, ஒண்ணுதான்."

அப்படிச் சொன்னபிறகுதான் அழுதார். குழிக்குள் நின்றபடியே, மண்வெட்டிக் காம்பில் நெற்றியை வைத்து அழுதார். மகளை அனுப்பி வைத்த அன்றுகூட அவர் அழுது அவள் பார்த்ததில்லை. தேற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. லைனிங் துணியில் நல்லதாக ஒன்றைக் கிழித்துவந்து கோழியைச் சுற்றினாள். அவர் பாதிக் குழியை மண்ணிட்டு மேடாக்கி, கையால் தட்டிச் சமப்படுத்தி, அதன் மேல் அதை வைத்தார். நர்ஸம்மா ஒரு பிடி மண் போட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் எலக்ட்ரீஷியன் நின்றிருந்தான். கேலி எதுவும் பேசவில்லை.

அன்று சாப்பிட்டபிறகு அவர் பண்ணையைப் பற்றிப் பேசினார். லாரிக்காரர் சொன்னதைத்தான் சொன்னார். அவள் முன்பே கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. லாரிக்காரருக்குத் தெரியாத ஒன்றும் அதில் இருந்தது. எல்லாம் முடிந்தபிறகு வெறும் ஷெட்டில் அவர் ஒருமுறை நடந்து பார்த்திருக்கிறார். கூண்டுகளின் சரிவில் உருண்டு வந்து நின்றிருந்த அன்றைய முட்டைகளை எடுப்பதற்கு யாரும் இல்லை. எடுத்து என்ன செய்வது என்றும் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டு வந்தாராம்.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. இன்றைக்கும் அவர் முட்டை சாப்பிடுவதில்லை. பின்கட்டில் விழுகிறதெல்லாம் எலக்ட்ரீஷியன் வீட்டுக்கும், ரவிக்கை தைக்க வருகிறவர்களுக்கும் போகிறது. ஆனால் கடைத்தெருவில் எதிர்ப்பக்கம் போய் நடப்பது குறைந்திருக்கிறது. மகள் போன் செய்தால் போனை இவள் கையிலிருந்து வாங்கி அவரே பேசுகிறார்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நர்ஸம்மா வீட்டுக்குப் போலாமா?" என்று அவரே கேட்டார். நீலத்துக்கு அந்தச் சாம்பல் பெட்டையைக் கேட்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு அவளும் கிளம்பினாள்.

நர்ஸம்மாவும் அதையேதான் நினைத்தாள். "உங்களுக்காகத்தான் யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன்" என்று அதைப் பிடிக்கப் போனாள். அவர் அதைப் பார்க்கவில்லை. பல்பு வெளிச்சத்தில் கூடைக்குள் கசகசவென்று கிடந்த குஞ்சுகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எது?"

"கலப்புங்க. எதோட எது சேந்ததுன்னு எனக்கே தெரியாது. பெட்டையா சேவலான்னும் இப்ப சொல்ல முடியாது."

"முட்டை?"

"என்ன கலர்னு கேட்டா நான் எங்க போறது? வளத்துப் பாத்தாத்தான். வெள்ளையாக்கூட வரும்."

"வரட்டும்" என்றார் அவர்.

அவர் கைக்கு வந்தவற்றை எடுத்தார். தேர்ந்தெடுக்கவில்லை. கண்ணைப் பார்க்கவில்லை, காலைத் திருப்பவில்லை. நர்ஸம்மா கொடுத்த செருப்பு டப்பாவில் துணியை மெத்தையாக்கி, அவற்றை உள்ளே விட்டு, மூடியில் ஆணியால் துளை போட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம். கண்டக்டர் காதைத் தீட்டிக்கொண்டு குனிந்தார்.

"உள்ள எத்தன பேரு? டிக்கெட் எடுக்கணுமா வேணாமா?"

"எல்லாம் அஞ்சு வயசுக்குக் கீழ" என்றார் அவர்.

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். காற்று உள்ளே வருகிறது என்று அவள் ஜன்னலை இறக்கினாள். அவர் மூடியைக் கொஞ்சமாகத் திறந்து, உள்ளங்கையைக் குஞ்சுகளின் மேல் கவிழ்த்து, சூடு இருக்கிறதா என்று பார்த்தார்.